தொட்டுப் பார்க்காமல் சாறன் வாங்குகிறவனுக்கு

மருதமுனை,
வியாழக்கிழமை இரவு

மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஏசப்போகிறாய் என்று தெரியும், ஏசிவிட்டு மிச்சத்தை வாசி. இந்த இரண்டு மாதமும் நான் எங்கள் கைத்தறிக் கடைக்கான ஒரு இணையத்தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கல்குலேட்டரைக்கூட மகளிடம் கொடுத்துத் தட்டச் சொல்லுகிற ஆள் நான், யோசித்துப் பார்.

உம்மா சுகம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பாண்டிருப்புத் தீமிதிப்பில் உன் தம்பியைக் கண்டேன். உன்னைப் போலவே தொப்பை போட்டிருக்கிறான்.

சரி, தளத்துக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னம் ஒருவர் எங்களுக்கு ஒரு தளம் செய்து தந்தார் என்று எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தன் பெயரிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். வருடக் காசு கட்ட ஆளில்லை, பெயரும் போயிற்று. இந்த முறை முதல் வேலையாக என் பெயரில், என் மின்னஞ்சலில் பதிந்தேன். கடைசியில் டொட் எல்கே வருகிற பெயர். தமிழிலேயே டொட் இலங்கை என்று முடிகிற பெயரும் 2010 இலிருந்து எங்கள் நாட்டுக்கு இருக்கிறதாம். ஆசையில் அதையும் எடுத்தேன். பார்க்க அழகுதான். ஆனால் அதை நகல் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் சில போன்களில் எக்ஸ்என் என்று தொடங்கும் ஏதோ மந்திரமாக மாறிவிடுகிறது. காக்கா ஒருவர் வைரஸ் என்று நினைத்து அழித்தே விட்டார். அதனால் விசிட்டிங் கார்ட்டில் எல்கேதான். தமிழ்ப் பெயரைத் தட்டினாலும் அங்கேயே கொண்டுபோய் விடும்.

இந்த முறை தளம் செய்கிறவன் ஒரு பொடியன். கட்ட அவனுக்குப் பத்து நாள்தான் பிடித்தது. மிச்ச நாளெல்லாம் என்னால் போனது. கடைக்கு ஆள் வந்தால் என்ன செய்வான்? சாறனைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உரசுவான். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பான். மணந்து பார்ப்பான். சாயம் போகுமா என்று கேட்பான், நான் போகாது என்பேன், என் முகத்தைப் பார்ப்பான், மறுகா விலை பேசுவான். வாப்பா காலத்திலிருந்து இதில் ஒரு சொல்லையும் நாங்கள் எழுதி வைத்ததில்லை. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறவனுக்கு விரலும் இல்லை, என் முகமும் இல்லை. எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

“வாப்பா, இந்தச் சாறன் எத்தனை மீற்றர்?” என்று மகள் கேட்டாள். “சாறன் அளவு” என்றேன். சிரித்து முடித்துவிட்டு டேப்பைக் கையில் தந்தாள். ஒரே அடுக்கில் இருந்த பத்துச் சாறனை அளந்தால் இரண்டு, மூன்று அங்குலம் முன்பின். முப்பது வருடமாக விற்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதோடு விட்டாளா? ஒன்றை மூன்று தரம் கழுவிக் காயப்போட்டுத் திரும்பவும் அளக்க வைத்தாள். பருத்தி, சுருங்கத்தானே செய்யும். எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் தளத்தில் போட்டிருக்கிறேன். போட்டால் ஆள் ஓடிவிடுவான் என்று மருமகன் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கழுவின பிறகு ஓடுகிறவனை விட இப்போதே ஓடுகிறவன் நல்லவன் என்றேன்.

பெரிய தலையிடி நிறம். கடையின் டியூப் வெளிச்சத்தில் படம் எடுத்தோம், கத்தரிப்பூ நிறச் சாரி நீலமாகிவிட்டது. வெளியே வெயிலில் எடுத்தால் எல்லாம் வெளிறிப்போகிறது. இங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து நேரே முகத்தில் அடிக்கும், உனக்குத் தெரியும்தானே. கடைசியில் வளவின் மேற்குப் பக்கம், காலையில் வீட்டு நிழல் விழுகிற இடத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தோம். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை மகள் போனில் திருத்துவாள், சாரியின் நிறம் தானாகச் சரிக்கு வரும். அப்படியும் பாவுக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றுகிற நூலுக்கு நூல், சாயம் கொஞ்சம் மாறும். அதனால் ஒவ்வொரு பாவுக்கும் ஒரு இலக்கம் கொடுத்திருக்கிறோம். ஒரே மாதிரி இரண்டு வேண்டும் என்கிறவன் இலக்கத்தைப் பார்த்து எடுக்கலாம். இதைக் கடையிலேயே என்றைக்கோ செய்திருக்க வேண்டும்.

படம் ஒவ்வொன்றும் 5 மெகாபைட். அப்படியே ஏற்றிவிட்டு, மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸில் என் போனில் திறந்தேன். களுவாஞ்சிக்குடி தாண்டியும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இப்போது படம் 150 கிலோபைட் அளவுதான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அப்புறம் பாமினி. பழைய விலைப்பட்டியல், துணி விபரம் எல்லாம் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டின மாதிரி வந்தது. யுனிகோடுக்கு மாற்றுகிற கருவி இருக்கிறது, மாற்றினோம். ஆனால் தட்டச்சில் இருந்த பிழைகளும் பத்திரமாக மாறி வந்தன. ஒரு வாரம் ‘கைத்தரி’ என்றே கிடந்தது. நம்முடைய தமிழ் வாத்தியார் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்.

சில்லறைக் கூத்துகளையும் கேள். தொலைபேசிப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு போகவில்லை. எங்கள் பகுதி இலக்கம் 067 இன் முன் பூச்சியத்தை எடுக்காமலே நாட்டு இலக்கம் 94 ஐச் சேர்த்திருந்தான். உள்நாட்டுக்காரனுக்குப் பூச்சியம் வேண்டும், உன்னைப் போன்றவனுக்கு அது இருக்கக் கூடாது. தனியுரிமைப் பக்கத்தை வேறெங்கோ இருந்து சுட்டு ஒட்டியிருந்தான். வாசித்தால் கலிபோர்னியாச் சட்டம் பேசுகிறது! எங்கள் நாட்டுக்கே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெயர், முகவரி, போன் எண் என்று நாங்கள் என்னென்ன வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம் என்று நாலு வரியில் நானே எழுதினேன். முதல் சோதனை ஓடர் வந்த மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய்ப் படுத்திருந்தது, மூன்று நாள் கழித்துத்தான் கண்டோம். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வேலை நடக்கும்போது அதில் சரி போட்டு வைப்பார்களாம். எடுக்க மறந்தால் கூகுளில் ஆயுசுக்கும் வரமாட்டோம். அதை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன், திறக்கிற அன்று காலையில் எடுக்க வேண்டும்.

இனி உன்னிடம் ஒரு காரியம். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்குப் படம் இல்லை. பழைய தறிக்கொட்டில், வாப்பா, எல்லாப் படமும் 2004 இல் கடலோடு போயிற்று. பொடியன் நெட்டிலிருந்து ஒரு தறிப் படம் எடுத்துப் போட்டான். நல்ல படம்தான், ஆனால் அது நம் ஊர்த் தறியே இல்லை, நெய்கிற மனிசனும் யாரோ. கழற்றச் சொன்னேன். துணியின் நீளத்தை அங்குலம் பிசகாமல் எழுதிவிட்டு வாப்பா இடத்தில் வேறொருவரை உட்கார வைக்க மனம் வரவில்லை. ஏஎல் சோதினை முடிந்த அன்று கொட்டில் வாசலில் நாம் இரண்டு பேரும் நின்று எடுத்த படம் உன்னிடம் இருக்க வேண்டும். நீ கோணல் சிரிப்புச் சிரித்துக்கொண்டு நிற்பாய். பின்னால் தறியில் வாப்பா குனிந்திருப்பார், நாடா கையில் இருக்கும். போனில் கிளிக் பண்ணி அனுப்பாதே, கண்ணாடி மினுங்கும். ஸ்கேன் செய்து அனுப்பு. உன் சிரிப்பை வேண்டுமானால் வெட்டிவிடுகிறேன்.

அதோடு, நான் தனியே அனுப்புகிற தளத்தின் இணைப்பை நாளை ஜும்ஆவுக்குப் பிறகு திறந்து பார். இன்னும் ஊருக்குச் சொல்லவில்லை. உன் வீட்டில் கிடக்கிற ஆகப் பழைய போனில் திற. பொத்தானை அழுத்தி எனக்கு அழை. மறுகா ஒரு சாறன் எடுத்து, லண்டன் முகவரி போட்டு, உன் கார்ட்டால் காசு கட்டு. சாறன் 350 கிராம் என்று நிறுத்து வைத்திருக்கிறேன், அனுப்புகிற செலவு சரியாக வருகிறதா என்று சொல்லு. சும்மா தருவேன் என்று எதிர்பார்க்காதே மச்சான். சும்மா தந்தால் காசு வருகிற வழி திறந்திருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன்
பின் பெஞ்சுக்காரன்