எடுத்த கேஸ் முடியிற வரைக்கும் எங்கள கூட இருக்க விடுங்க: சட்ட மாணவர்களோட கோரிக்கை மனு

அனுப்புநர்:
நாலாம் வருஷமும் அஞ்சாம் வருஷமும் படிக்கிற சட்டக் கல்லூரி மாணவ மாணவிகள்

பெறுநர்:
செயலாளர் / சார்பு நீதிபதி அவர்கள்,
மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு

பொருள்: தாலுகா, கிராம சட்ட உதவி மையங்கள்ல சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு வருஷம் முழுக்க டியூட்டி போட்டுத் தரச் சொல்லி கேட்டுக்கிறது சம்பந்தமா

ஐயா, வணக்கம்.

இது எல்லாரும் சேந்து குடுக்கிற மனு, எழுதுற வேலைய என்கிட்ட குடுத்ததால அங்கங்க 'நான்'னு வரும், தப்பா எடுத்துக்காதீங்க. டிராஃப்டிங் பேப்பர்ல மனு எழுதுற முறையெல்லாம் படிச்சுருக்கோம், ஆனா இந்த விஷயத்த பேசுற மாதிரி சொன்னாதான் நடந்தது நடந்தபடி உங்களுக்கு வந்து சேரும்னு எங்களுக்குத் தோணுச்சு.

நாங்க கேக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. சட்ட உதவி மையத்துக்கு எங்கள நாலு வாரம் வேடிக்கை பாக்க வர்ற ஆளா அனுப்பாம, வாரத்துல ரெண்டு நாள்னு வருஷம் முழுக்க வர விடுங்க, ஒருத்தரோட பிரச்சனைய நாங்க கேட்டு எழுதினா அது முடியிற வரைக்கும் நாங்களே அதுகூட இருக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணிக் குடுங்க.

ஏன் இத கேக்குறோம்னு சொல்றதுக்கு ஒரு நாள் நடந்தத சொல்லணும். யார்னு அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலத மாத்திதான் சொல்றேன். போன தடவ இன்டர்ன்ஷிப்ல ஒரு சட்ட உதவி மையத்துல என்னைய போட்டிருந்தாங்க. முதல் வாரம் ரிஜிஸ்டர்ல பேர் எழுதுறது, ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றது, இவ்வளவுதான் வேலை. ரெண்டாவது வாரம் ஒரு பாட்டி மஞ்சப்பையோட வந்தாங்க. முதியோர் பென்ஷன் நின்னு போச்சு, அதுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. அன்னைக்கு பேனல் அட்வகேட் (ஆணைக்குழு பட்டியல்ல இருக்கிற இலவச சட்ட உதவி வக்கீல்) கோர்ட்ல இருந்து வர லேட் ஆச்சு, அதனால நான்தான் உக்காந்து எழுத ஆரம்பிச்சேன். ஆதார் ஜெராக்ஸ் வேணும்னு கேட்டதுக்கு பையில இருந்த எல்லாத்தையும் மேஜை மேல கொட்டிட்டாங்க. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி சீட்டு, கரண்ட் பில்லு, அதுக்கு நடுவுல நாலா மடிச்ச ஒரு சம்மன்.

"இது என்ன பாட்டி"ன்னு கேட்டேன். "அது எப்பவோ அமீனா வந்து கைநாட்டு வாங்கிட்டு குடுத்துட்டுப் போனாருப்பா, சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேன்"னாங்க. புரோநோட்டு (கடன் பத்திரம்) கேஸ், இவங்க பிரதிவாதி, அதுல போட்டிருந்த வாய்தா தேதி முடிஞ்சு பல மாசம் ஆச்சு. கேஸ் நிலவரம் பாக்கிற இகோர்ட்ஸ் ஆப்ல அந்த கோர்ட்ட செலக்ட் பண்ணி கேஸ் நம்பர போட்டு பாத்தா எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது பிரதிவாதி வராததால ஒருதலைப்பட்சமா தீர்ப்பு ஆகியிருக்கு, ஆகி 26 நாள் ஆச்சுன்னு வந்துச்சு. சிவில் புரோசீஜர் கோடு ஆர்டர் 9 ரூல் 13ல எக்ஸ்பார்ட்டி டிக்ரிய செட் அசைட் (ரத்து) பண்ண மனு போடலாம், லிமிடேஷன், அதாவது மனு போடுறதுக்கான கெடு, 30 நாள், இத நான் செமஸ்டர் பரீட்சைல எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கேன் ஐயா, ஆனா அந்த 30ல 26 போனா மிச்சம் 4ன்னு சுவத்துல இருந்த காலண்டர விரல் வச்சு எண்ணினப்பதான், அதுல ரெண்டு நாள் லீவு வேறன்னு தெரிஞ்சப்பதான், லிமிடேஷன்னா என்னன்னே எனக்குப் புரிஞ்சுது. கடைசி நாள் லீவுல வந்தா கோர்ட் திறக்கிற நாள்ல போடலாம்னு சட்டம் இருக்குதான், ஆனாலும் கை நடுங்குச்சு. அந்த தேதி தாண்டிட்டா தாமதத்த மன்னிக்கச் சொல்லி தனியா இன்னொரு மனு, அதுக்கு ஏன் லேட்டுன்னு காரணம், அந்தப் பக்கம் ஆட்சேபணை, அதுக்கு தனி வாய்தான்னு இழுத்துக்கிட்டே போகும்.

பாட்டி அதுக்குள்ள பயந்துட்டாங்க. வக்கீலுக்கு குடுக்க பணம் இல்ல, வருமானச் சான்று வாங்கவே பத்து நாள் ஆகும், எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்னு பையக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 1987ம் வருஷ சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12வது பிரிவுல பொம்பளைங்களுக்கு வருமான வரம்பே கிடையாது, கோடீஸ்வரியா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டுன்னு நான் சொன்னத அவங்க நம்பவே இல்ல. பேனல் அட்வகேட் வந்து அதையே சொன்னப்புறம்தான் திரும்ப உக்காந்தாங்க. நான் தேதி வாரியா எழுதி வச்சிருந்த குறிப்ப வச்சுத்தான் அவர் அஃபிடவிட் டிராஃப்ட் பண்ணாரு, வக்காலத்துல கைநாட்டு வாங்கி கெடுவுக்குள்ள ஃபைல் பண்ணியாச்சு. பென்ஷன் மனுவும் எழுதிக் குடுத்தோம்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துல என் இன்டர்ன்ஷிப் முடிஞ்சு போச்சு ஐயா.

இப்பவும் அந்த கேஸ் நம்பர ஆப்ல போட்டு பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அடுத்த வாய்தா தேதி மட்டும் மாறிக்கிட்டே இருக்கு. ஏன் மாறுது, எதிர்த்தரப்பு கவுன்டர் (பதில் மனு) போட்டாங்களா, பாட்டி அன்னைக்கு வந்தாங்களா, யாராவது அவங்களுக்கு தேதி சொன்னாங்களா, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கு உரிமையும் இல்ல, நான் இப்ப அந்த மையத்துல யாரும் இல்ல. அடுத்து வந்த இன்டர்னுக்கு அந்தப் பாட்டி பேரே தெரியாது. அவங்க மறுபடி வந்தா மஞ்சப்பைய மறுபடி முதல்ல இருந்து கொட்டணும்.

எங்க கூட படிக்கிற நிறைய பேர்கிட்ட இந்த மாதிரி பாதியில நிக்கிற கதை இருக்கு. ஒரு பொண்ணு குடும்ப வன்முறைன்னு வந்த அக்காகிட்ட மூணு மணி நேரம் பேசி, அவங்க முதல்ல சொல்லாத விஷயத்தெல்லாம் மெதுவா சொல்ல வச்சு, பாதுகாப்பு அலுவலருக்கு மனு எழுதிக் குடுத்துருக்கா. அதுக்குள்ள அவளோட நாலு வாரம் முடிஞ்சிருச்சு. அந்த அக்கா புது ஆள்கிட்ட திரும்ப அவ்வளவையும் சொல்லணும்னா எப்படி சொல்லுவாங்க, சொல்லுங்க.

நாலு வாரம்னு ஏன் வந்துச்சுன்னும் எங்களுக்குத் தெரியும். 2008ம் வருஷ பார் கவுன்சில் சட்டக் கல்வி விதிகள்ல மூணு வருஷ படிப்புக்கு மொத்தம் 12 வாரம், அஞ்சு வருஷ படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப், ஒரு வருஷத்துல தொடர்ச்சியா நாலு வாரத்துக்கு மேல கூடாதுன்னு இருக்கு. ஆனா அதே விதிகளோட மூணாவது அட்டவணைல, ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் லீகல் எய்ட் கிளினிக் (சட்ட உதவி மையம்) ஒண்ணு நடத்தணும், சீனியர் ஆசிரியர் மேற்பார்வைல கடைசி வருஷ மாணவர்கள் அத நடத்தணும், சட்டப்பணி ஆணைக்குழு ஒத்துழைப்போட நடத்தணும்னும் இருக்கு. இது வேற, இன்டர்ன்ஷிப் வேற. நாங்க கேக்குறது இந்த கிளினிக் வேலைய, அதனால நாலு வாரக் கணக்கு இதுக்குக் குறுக்க வராது. 1987 சட்டத்தோட 4வது பிரிவே பார் கவுன்சில் கூட கலந்து பேசி கிளினிக்கல் சட்டக் கல்வி (நேரடியா வேலை செஞ்சு சட்டம் படிக்கிறது) கொண்டு வரணும், சட்டக் கல்லூரிகள்ல இந்த மையங்கள் அமையிறதுக்கு வழிகாட்டி மேற்பார்வை பண்ணணும்னு தேசிய ஆணைக்குழுவுக்கு வேலையா சொல்லியிருக்கு. புதுசா ஒரு சட்டமும் வேண்டாம், இருக்கிறதயே நடத்திக் குடுங்கன்னுதான் கேக்குறோம்.

எங்க காலேஜ்ல கிளினிக் இருக்கான்னு கேட்டீங்கன்னா, போர்டு இருக்கு. உள்ள ஒரு பீரோ, விழிப்புணர்வு முகாம்ல நோட்டீஸ் குடுத்த போட்டோ ஆல்பம், ஒரு ரிஜிஸ்டர். ஆசிரியர்கள குறை சொல்லி பிரயோஜனமில்ல, ஃபுல் டைம் சம்பளத்துல இருக்கிற ஆசிரியர் வக்காலத்து போட்டு கோர்ட்ல நிக்க முடியாது, அப்ப காலேஜ்ல ஒருத்தர் வந்து பிரச்சனைய சொன்னாலும் கேட்டுட்டு கோர்ட்டுக்குப் போங்கன்னு அனுப்ப வேண்டியதுதான். அங்கதான் எல்லாம் அறுந்து போகுது. கோர்ட்டுக்குப் போக ஆள் இருக்கிறது உங்ககிட்ட, பேனல் அட்வகேட் உங்ககிட்ட. உக்காந்து காது குடுத்துக் கேக்க நேரம் இருக்கிறது எங்ககிட்ட. இந்த ரெண்டையும் சேத்து வைக்கிறது உங்க கையெழுத்துலதான் இருக்கு.

நாங்க கோர்ட்ல நின்னு வாதாட கேக்கல ஐயா. 1961 அட்வகேட்ஸ் ஆக்ட் என்ன சொல்லுதுன்னு தெரியும், வக்கீலா என்ரோல் (பதிவு) ஆகாதவங்க பிராக்டிஸ் பண்ண முடியாது, தனியா உக்காந்து சட்ட ஆலோசனை சொல்றதும் சரியில்ல. எங்க ஆசை அதுக்கு முந்தின வேலைலதான். வந்தவங்க சொல்றத பொறுமையா கேக்குறது, பேப்பர தேதிவாரியா அடுக்குறது, கேஸ் எந்த நிலைல இருக்குன்னு பாத்து அவங்களுக்குப் புரியிற தமிழ்ல சொல்றது, அடுத்த வாய்தாவுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்றது, ஆர்டிஐ மனு, லோக் அதாலத்துக்கு அனுப்புற மனு மாதிரி இருக்கிறத டிராஃப்ட் பண்ணி வக்கீல்கிட்ட காட்டித் திருத்தி வாங்குறது. பெத்தவங்கள பிள்ளைங்க கவனிக்கலன்னா போடுற 2007ம் வருஷ சட்டத்துல தீர்ப்பாயத்துக்கு முன்னாடி வக்கீல் வச்சுக்கவே கூடாதுன்னு 17வது பிரிவு சொல்லுது, அப்ப எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அப்பாவுக்கு அந்த மனுவ யார் எழுதிக் குடுப்பா? அங்க எங்க கை கண்டிப்பா உதவும்.

இதுல எங்களுக்குக் கிடைக்கிற படிப்பும் சாதாரணம் இல்ல. பாடத்திட்டத்துல கட்சிக்காரர்கிட்ட பேசுற இன்டர்வியூ ரெண்டு பாத்து டைரில எழுதணும்னு இருக்கு, மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) பேப்பர்ல அதுக்கு மார்க்கும் உண்டு. பல பேர் அத சீனியர் டைரிய பாத்து எழுதி முடிச்சுடுறாங்க, இத ஒத்துக்க எங்களுக்கே சங்கடமாத்தான் இருக்கு. நாங்க படிக்கிறது இங்கிலீஷ்ல, வர்றவங்க பேசுற தமிழ் வேற. "பட்டா பிரச்சனை"ன்னு வந்து உக்காருவாங்க, ஒரு மணி நேரம் கேட்டா அது அண்ணன் தம்பி பாகப்பிரிவினையா இருக்கும். பாட்டி விஷயத்துல பென்ஷன் மனு மட்டும் எழுதிக் குடுத்து அனுப்பியிருந்தா என் வேலை சரியாதான் முடிஞ்சிருக்கும், அவங்க வீடு ஜப்தி வரைக்கும் போயிருக்கும். "வேற ஏதாவது பேப்பர் இருக்கா"ன்னு கேக்கிற அந்த ஒரு கேள்விய எந்த லெக்சர்லயும் எனக்கு யாரும் சொல்லித் தரல.

அதனால நாங்க கேட்டுக்கிறது என்னன்னா, நாலாம், அஞ்சாம் வருஷத்துல இருந்து விருப்பப்படுறவங்கள ரெண்டு ரெண்டு பேரா சேத்து ஒவ்வொரு மையத்துக்கும் டியூட்டி லிஸ்ட் போடுங்க. ரெண்டு பேர்னு கேக்குறதுக்குக் காரணம், ஒருத்தர் அஞ்சாம் வருஷம் முடிச்சுப் போனாலும் கூட இருந்த நாலாம் வருஷ ஆளுக்கு எல்லா கேஸும் தெரியும், ஃபைல ஒப்படைக்கிறது கஷ்டமா இருக்காது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பேனல் அட்வகேட்ட பொறுப்பா குடுங்க, அவர் பாக்காம எங்க கைல இருந்து ஒரு காகிதம்கூட வெளிய போகாது. தொடங்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் பயிற்சி குடுங்க, முக்கியமா அழுதுக்கிட்டு வர்றவங்ககிட்ட எப்படி பேசுறதுன்னு. வக்கீல்கிட்ட கட்சிக்காரர் சொல்றதுக்கு சட்டத்துல பாதுகாப்பு இருக்கு, மாணவர்கள் அதுல வருவாங்களான்னு தெளிவா இல்ல, அதனால கேட்டத வெளிய சொல்ல மாட்டோம்னு எழுத்துல உறுதிமொழி குடுக்க எல்லாரும் தயார். மீறினா நீக்கிடுங்க.

இன்னொண்ணு அட்டெண்டன்ஸ். 70 சதவீதம் இல்லன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க, அந்த பயத்துலயே நல்லா வேலை செய்யிற பல பேர் வரத் தயங்குறாங்க. மையத்துல இருந்த நாள ஆன் டியூட்டியா எடுத்துக்கச் சொல்லி ஆணைக்குழுல இருந்து காலேஜுக்கு ஒரு லெட்டர் போனா போதும், உங்க லெட்டர் போனா அவங்க மறுக்க மாட்டாங்கன்னு நம்புறோம். சம்பளம், படி எதுவும் வேண்டாம்.

மொத்த மாவட்டத்துக்கும் ஒரே நேரத்துல கஷ்டம்னா ரெண்டே ரெண்டு மையத்துல ஒரு செமஸ்டர் மட்டும் பண்ணிப் பாருங்க. எத்தன பேர் வந்தாங்க, எத்தன மனு போச்சு, எத்தன கேஸ்ல நாங்க கடைசி வரைக்கும் இருந்தோம்னு மாசாமாசம் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கிறோம், சரியில்லன்னு தோணுச்சுன்னா நிறுத்திடுங்க.

வர விருப்பம் தெரிவிச்சவங்க பேர், வருஷம், எந்தெந்த நாள்ல வர முடியும்ங்கிற லிஸ்ட்ட இதோட இணைச்சிருக்கோம். நேர்ல வந்து விளக்கிச் சொல்ல உங்களுக்கு வசதிப்பட்ட ஒரு நாள்ல, கோர்ட் நேரம் முடிஞ்சப்புறம்னாலும் சரி, பத்து நிமிஷம் நேரம் ஒதுக்கித் தரும்படி ரொம்ப தாழ்மையோட கேட்டுக்கிறோம். அந்தப் பாட்டியோட அடுத்த வாய்தா இந்த மாசக் கடைசில வருது. அதுக்குள்ள உங்க அனுமதி கிடைச்சா அவங்களுக்கு முந்தின நாள் போன் பண்ற முதல் வேலைய நான் எடுத்துக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சட்டக் கல்லூரி மாணவ மாணவிகள்

இணைப்பு: விருப்பம் தெரிவிச்ச மாணவர்கள் பட்டியல், கையெழுத்துகளோட