ஈ-பேப்பர்ல தொடுறது ஒரு செய்தி, திறக்கிறது வேற ஒண்ணு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம பேப்பரோட ஈ-பேப்பரை தினமும் போன்லதான் படிக்கிறேன், ஒரு செய்தியைத் தொட்டா பக்கத்துல இருக்குற விளம்பரம் திறக்குது, அதையே கம்ப்யூட்டர்ல திறந்தா ஒழுங்கா வருது. எனக்கு வெப் புரோகிராமிங்தான் வேலை, அதனால காரணத்தையும் எழுதுறேன், தயவுசெஞ்சு உங்க டெக்னிக்கல் டீம்கிட்ட இதைக் கொடுங்க.

முழுப் பக்கத்தையும் ஒரே படமா போட்டு, எந்தச் செய்தி எங்க இருக்குன்னு பிக்சல் கணக்குல ஏரியா குறிச்சிருக்காங்க. படம் 1200 பிக்சல் அகலம்னு வச்சுக்குவோம், போன்ல அது 400 பிக்சலா சுருங்கிடும், ஆனா எச்டிஎம்எல்ல (வெப் பக்கத்தை எழுதுற மொழி) ஏரியாவுக்குக் கொடுத்த கோஆர்டினேட்ஸ், அதாவது இடத்தைக் குறிக்கிற எண்கள், படத்தோட சேர்ந்து சுருங்காது, 300ன்னு குறிச்சது 300லயேதான் நிக்கும், அதனாலதான் தொட்ட செய்திக்குப் பதிலா வேற ஒண்ணு திறக்குது.

சரி, ஜாவாஸ்கிரிப்ட்ல (வெப் பக்கத்துக்குள்ள ஓடுற புரோகிராம் மொழி) நாமளே கணக்குப் போட்டுக்கலாம்னா அங்கயும் நிறைய பேர் சறுக்குறாங்க. தொட்ட இடம் எங்கன்னு பிரவுசர் சொல்ற எண்கள்ல கிளையன்ட்எக்ஸ் (இடமிருந்து தூரம்), கிளையன்ட்ஒய் (மேலிருந்து தூரம்) ரெண்டும் இப்ப கண்ணுக்குத் தெரியுற பகுதியோட இடது மேல் மூலைல இருந்து அளக்கும், பேஜ்எக்ஸ், பேஜ்ஒய் ஸ்க்ரோல் ஆகி மேல போனதையும் சேர்த்து அளக்கும். ரெண்டையும் கலந்துட்டா பக்கத்தோட மேல்பாதில எல்லாம் சரியா இருக்குற மாதிரியே தெரியும், கீழ ஸ்க்ரோல் பண்ணப் பண்ண தப்பு ஏறிக்கிட்டே போகும், மேல மட்டும் தட்டிப் பார்த்து ஓகே சொல்லிட்டா இது கண்ணுலயே படாது.

சரியா செய்யணும்னா, கிளிக் வந்த உடனே கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலமா படம் அந்த நேரத்துல எங்க இருக்கு, எவ்ளோ அகலம்னு கேட்டு வாங்கணும். படம் இடப்பக்கம் 10ல ஆரம்பிக்குது, விரல் பட்ட கிளையன்ட்எக்ஸ் 110, கழிச்சா 100, அதை 1200/400ஆல பெருக்கினா 300, உயரத்துக்கும் இதே கணக்குதான். பக்கம் லோடாகும்போதே ஒரு தடவை வாங்கி வச்சுக்கிட்டா போதாது, போனைத் திருப்பினாலே எல்லாம் மாறிடும்.

ஆனா இதைவிட நல்ல வழி, ஒவ்வொரு செய்தி மேலயும் சதவீத அளவுல ஒரு லிங்க் பெட்டி வைக்கிறதுதான். படம் சுருங்கினா பெட்டியும் கூடவே சுருங்கும், கோஆர்டினேட் கணக்கே வேண்டாம். பார்வை இல்லாதவங்க பல பேர் கீபோர்டுல என்டர் தட்டி செய்தியைத் திறப்பாங்க, அப்ப தொட்ட இடம்னு ஒண்ணே கிடையாது, வெறும் கிளிக் கணக்கை நம்பி எழுதின புரோகிராம் அவங்களைக் கைவிட்டுடும். அடுத்த அப்டேட்லயாவது இதைச் செய்யச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி