மயில் கூட்டுக்கு அளவெடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

முருகன் கோயில்கள் எல்லாவற்றிலும் ஒரு சோடி மயிலுக்குக் கூடு கட்டினால் என்ன என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் கேட்டிருந்தார். மயிலைப் பார்க்கப் பிள்ளைகளை தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறதே என்பது அவர் கவலை. நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறார். நான் கொட்டாஞ்சேனையில் முப்பத்தொரு வருடமாக இரும்பு வேலை செய்பவன். கேற், கிறில், படிக்கட்டுக் கைபிடி, இதுதான் தொழில். மயில் கூடு இரண்டே இரண்டு செய்திருக்கிறேன். முதலாவதைப் பற்றிச் சொன்னாலே அவருக்குப் பதிலாகிவிடும்.

கோயிலின் பெயர் வேண்டாம். ஆறடி நீளம், நாலடி அகலம், ஆறடி உயரம் என்று நிர்வாகத்தினர் அளவு தந்தார்கள். பக்தர்கள் நாலு பக்கமும் நின்று பார்க்க வேண்டுமாம். நான் கம்பிகளுக்கு மேலே வேல் முனை வைத்துத் தங்க வர்ணம் பூசினேன். கழுவ லேசு என்று தரைக்கு டைல்ஸ் பதித்தார்கள். மயில் உட்கார ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் ஒன்று, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். கூடு திறந்த அன்று எனக்கு மாலைகூடப் போட்டார்கள்.

நாலு மாதம் கழித்து, பூட்டு இறுகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் தோகை தேய்ந்த ஈர்க்குமாறு மாதிரிக் கிடக்கிறது. கண்ணெல்லாம் உதிர்ந்து வெறும் ஈர்க்குதான் மிச்சம், நுனியில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. உச்சந்தலையில் காசளவுக்குத் தோல் இல்லை. ஒரு காலை மடித்தே வைத்திருந்தது. பாதத்தின் அடி வீங்கி, நடுவில் கறுத்த பொருக்கு. நான் பூட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு பல வருடம் கழித்து, காயப்பட்ட பறவைகளை வைத்துப் பராமரிக்க அனுமதி எடுத்த ஒருவர் ஹோமாகமப் பக்கம் வேலைக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு பெரியவர் இருந்தார், சிங்களவர், வாழ்நாள் முழுக்கப் பறவைகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெருமைக்கு என் பழைய கூட்டின் படத்தை போனில் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஐந்தடித் தும்புக் கயிறு ஒன்றை வெட்டி என் இடுப்பில் பின்பக்கமாகக் கட்டினார். நிலத்தில் ஆறுக்கு நாலு கோடு கீறினார். “பாஸ் உன்னெஹே (மேசன், தச்சன் போன்ற தொழிலாளியைச் சிங்களத்தில் மரியாதையாகக் கூப்பிடுவது), உள்ளே குந்தியிருந்து ஒருக்கால் சுற்றித் திரும்புங்கோ” என்றார். திரும்பினேன். கயிறு கோட்டைத் தாண்டிப் போய் அவர் செருப்பில் இழுபட்டது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். வளர்ந்த ஆண் மயிலுக்குத் தோகை மட்டுமே ஐந்தடி வரும். அது கம்பியில் உரசாமல் திரும்ப வேண்டும். கூட்டுக்குள் மயில் மிரண்டால் நேரே மேலேதான் எழும்பும். கோயிலில் வேட்டு வெடிக்கும், இரவில் நாய் வரும். நான் மேலே போட்டிருந்ததோ கால் அங்குலக் கம்பி. தலையில் தோல் போனது அப்படித்தான். பாதம் வீங்கியது டைல்ஸால். எனக்கு மாலை எதற்குப் போட்டார்களோ!

இரண்டாவது கூடு முப்பதடிக்குப் பதினைந்தடி, உயரம் ஒன்பதடி. மேலே கம்பி வலையும், அதற்குக் கீழே தொய்வாக நைலோன் வலையும். நைலோன் வலையை முகத்துவாரத்தில் மீன்பிடிக்கிறவர்களிடம் பழசாக வாங்கினேன். எழும்பி மோதினாலும் மெத்தை மாதிரித் தாங்கும். பக்கத்துக்கு அரை அங்குல வலை, பழைய சோனகத் தெருவில் எடுத்தது. அதை ஒன்றரை அடி மண்ணுக்குள்ளும் இறக்கினோம். கீரியும், உடும்பு மாதிரிப் பெரிய கபரகொய்யாவும் தோண்டிக்கொண்டு வரும் ஊர் இது. தரைக்கு ஒரு அடி மணல். பின்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குத் தகரக் கூரை, சூடு இறங்காமல் அதன்மேல் கிடுகு. தென்மேற்குப் பக்கத்தைப் பலகையால் அடைத்தோம், மே மாத மழை அங்கிருந்துதான் சரிந்து அடிக்கும். இருப்புக்குக் குழாய் வேண்டாம் என்று நாலு அங்குல அகல மரச் சட்டம், விளிம்பு இழைத்து, ஆறடி உயரத்தில், சுவரிலிருந்து நாலடி தள்ளி. கால் ஏலாத பறவை ஏற ஒரு சாய்பலகை.

மூலையில் நாலு நாட்டுக்கோழியும் விடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். பெரியவர் மறுத்துவிட்டார். கோழியைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத ஒரு கிருமி, அதன் குடல் புழுவின் முட்டையோடு எச்சத்தில் மண்ணுக்கு இறங்கி, மயிலுக்குள் போனால் ஈரலைக் கெடுத்துக் கொன்றுவிடுமாம்.

சரி, இவ்வளவும் செய்தால் கோயிலில் வைக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். முப்பதுக்குப் பதினைந்து இடம் கொழும்பில் எந்தக் கோயிலில் சும்மா கிடக்கிறது? பறக்க முடிந்த மயிலுக்குக் கூடு தேவையுமில்லை. அடிபட்ட மயில் கிடைத்தால் நீங்களாக அடைத்து வைக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு மயில் காட்டத்தான் வேண்டுமென்றால் புறக்கோட்டையில் 138 பஸ் ஏறி ஹோமாகமவுக்குக் கூட்டிப் போகலாம். முன்பு வரண்ட வலயத்தில் மட்டும் இருந்த பறவை இப்போது இங்கே மதிலில் நடக்கிறது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மர அணிலோடு மயிலையும் எண்ணினார்களே, நினைவிருக்கிறதா? பயிர் செய்கிறவனுக்கு அது தொல்லை, நமக்கு வாகனம். நான் வேலை செய்த அந்தக் கிழமையில் ஒன்று என் வெல்டிங் மெஷின் மேலேயே ஏறி நின்று அகவியது. அது இறங்கும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அனுமதியோடு காயப்பட்ட பறவைக்குக் கூடு கட்டுபவர்கள் யாராவது இருந்தால், அளவுகளைக் காசு வாங்காமல் சொல்லித் தருகிறேன். வேல் முனை மட்டும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
இரும்பு வேலைக்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.