தொழிற்சங்கத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

மாநாட்டுத் தீர்மானங்களில் சுற்றுச்சூழலுக்கென்று ஒரு பத்தி எப்போதும் இருக்கிறது, கைதூக்கி நிறைவேற்றுகிறோம், அப்புறம் நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது அது வாயிலேயே வருவதில்லை. கூலியும் வேலைப் பாதுகாப்பும் நம் பாடு, காலநிலையோ விஞ்ஞானிகள் பாடு என்று பிரித்து வைத்திருக்கிறோம். இந்தப் பிரிவினையால் லாபம் முதலாளிக்குத்தான்.

2008 நிதி நெருக்கடியைப் பாருங்கள். ஆலைகள் மூடின, கோடிக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், 2009இல் உலகக் கரியமில வாயு வெளியேற்றம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. மறுவருடமே பொருளாதாரம் மீண்டது என்றார்கள், வெளியேற்றம் ஐந்து சதவீதத்துக்கும் மேல் எகிறியது. 2020 பெருந்தொற்று முடக்கத்திலும் அப்படித்தான், ஒரு வருடம் இறங்கி அடுத்த வருடமே ஏறிவிட்டது. ஆக, நாம் பட்டினி கிடந்தால் புகை குறையும், நமக்கு வேலை கிடைத்தால் புகை கூடும் என்கிற இந்தக் கேடுகெட்ட கணக்கை இயற்கை விதி மாதிரி நம் தலையில் கட்டுகிறார்கள். போட்டியில் தோற்காமலிருக்க லாபத்தைத் திரும்பத் திரும்ப உற்பத்தியில் கொட்டி, விற்க முடியாத அளவுக்குக் குவித்து, பிறகு ஆட்குறைப்பு செய்கிற அமைப்பின் கணக்கு அது. சந்தையே தீர்த்துவிடும் என்றவர்களுக்கும் பதில் வந்துவிட்டது: அதே நெருக்கடியில் ஐரோப்பாவின் கார்பன் அனுமதிகள் (இவ்வளவு புகை விடலாம் என்று ஆலைகள் வாங்கி விற்கும் உரிமைகள்) மிஞ்சிப்போய் விலை சரிந்தது, மாசுபடுத்துவது மலிவானது.

உழைப்பே எல்லாச் செல்வத்துக்கும் மூலம் என்று ஜெர்மன் தோழர்கள் தங்கள் கட்சித் திட்டத்தை எழுதியபோது, 1875இல், இயற்கையும் அதே அளவுக்கு மூலம் என்று மார்க்ஸ் மறுத்தார். நம் கல்வி வகுப்புகளில் இதை எத்தனை பேர் சொல்லித் தருகிறோம்? சோவியத் ஆட்சியில் பருத்திக்காக ஆறுகளைத் திருப்பி மத்திய ஆசியாவின் ஏரல் கடலை வற்றவைத்த வரலாறும் நம் கண்முன் இருக்கிறது. சொத்து அரசிடம் போனால் மட்டும் போதாது, என்ன உற்பத்தி, எவ்வளவு, எதற்கு என்பது உழைப்பவர் கையில் இருக்க வேண்டும்.

இது கனவு என்று சொல்லாதீர்கள். 1976இல் பிரிட்டனின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமானக் கருவி நிறுவனத்தின் தொழிலாளர்கள், ஆட்குறைப்பு மிரட்டலுக்கு எதிராக, ராணுவத் தளவாடங்களுக்குப் பதில் எதைச் செய்யலாம் என்று தாங்களே உட்கார்ந்து சுமார் 150 பொருட்களுக்குத் திட்டம் போட்டார்கள், அதில் காற்றாலை, வெளியிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் வெப்ப பம்ப், சிறுநீரகச் சுத்திகரிப்பு இயந்திரம் எல்லாம் இருந்தன. எந்த இயந்திரத்தில் எதைச் செய்ய முடியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். நிர்வாகம் நிராகரித்தது. திட்டம் மோசம் என்பதால் நிராகரிக்கவில்லை, என்ன தயாரிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை விட்டுத்தர அதற்கு மனமில்லை. இன்று அதே காற்றாலையும் வெப்ப பம்பும் உலகச் சந்தையில் ஓடுகின்றன.

அடுத்த கோரிக்கைப் பட்டியலை எழுதும்போது இவற்றையும் சேருங்கள்: உற்பத்தி மாற்றத் திட்டத்தைத் தொழிலாளர் குழுக்களே தயாரிக்க வேண்டும், நிறுவனம் கணக்குகளைத் திறந்து காட்ட வேண்டும், சுரங்கமோ அனல்மின் நிலையமோ மூடப்பட்டால் அதே ஊதியத்தில் மாற்று வேலை தர வேண்டும், கடும் வெயிலில் கூலி வெட்டில்லாமல் வேலையை நிறுத்தும் உரிமை வேண்டும். கூலிக்குக் கொடுக்கிற அதே பிடிவாதத்தோடு, தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் வரை, இவற்றுக்காகவும் நில்லுங்கள்.