அரையாண்டு நிறைவில் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்குத் தேர்ச்சி கூடியிருக்கிறது. அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். மழை விடுமுறைக்கு ஈடாக நடந்த சனிக்கிழமை வகுப்புகளுக்குத் தவறாமல் அனுப்பிவைத்தீர்கள், நன்றி. விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வீட்டுக்கு வரும்.

இனி, பேஸ்பால் அணி பற்றி.

நம் பயிற்சியாளர் பணியிலிருந்து விலகி, மாவட்டப் போட்டிகளில் நாம் வழக்கமாக எதிர்த்து ஆடும் பள்ளியில் சேர்ந்திருப்பது உங்களுக்குத் தெரியும். அது அவருடைய உரிமை. முறைப்படி முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பொருள்களையும் பதிவேட்டையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவரைத் துரோகி என்று சிலர் எழுதியது எனக்கு மிகுந்த வருத்தம். அந்தக் குழுவைப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதன்முதலில் கிளவுஸ் மாட்டிவிட்டவர் அவர்.

பயிற்சியாளர் போனால் அணி சரியும், பிள்ளைகளும் அவர் பின்னால் பள்ளி மாறலாம் என்பதற்குச் சாட்சியாக அதே குழுவில் அமெரிக்காவின் டெக்சாஸ் கதையும் சுற்றுகிறது. 2024 ஜூன் 24 அன்று கல்லூரி பேஸ்பால் இறுதிப் போட்டியில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி டென்னசி பல்கலைக்கழகத்திடம் 6-5 என்று தோற்றது. மறுநாளே அதன் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்னேகல் பரம எதிரியான டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு டெக்சாஸ் தன் லீக்கில் முதலிடம் பிடித்தது. சீசனுக்கு முன் நாட்டிலேயே முதலிடத்தில் வைக்கப்பட்ட ஏ அண்ட் எம் தேசியச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. பயிற்சியாளர் மாறினால் அணி ஆட்டம் காணும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியாளர் விலகினால், இடம் மாற நினைக்கும் ஆட்டக்காரருக்கு அங்கே அப்போது 30 நாள் அவகாசம் இருந்தது. ஏ அண்ட் எம் அணியின் பேட்டிங் பயிற்சியாளராக இருந்த மைக்கேல் எர்லி சில நாட்களில் அதன் தலைமைப் பொறுப்பு ஏற்றதும் முக்கியமான பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் பதினெட்டு வயது தாண்டியவர்கள். நம் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினேழு.

எனக்குப் பெரிய கவலை தருவது வேறு. சில பெற்றோர் திங்கள், புதன், வெள்ளி நம் மைதானத்துக்கும், செவ்வாய், வியாழன் நம் பழைய பயிற்சியாளர் சேர்ந்த பள்ளி மைதானத்துக்கும் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள். பேட்டிங், ஓட்டம் என்றால் களைப்போடு போய்விடும். பந்து வீசும் பிட்சர்களுக்கு அப்படியில்லை.

இளம் பிட்சர்களின் கையைக் காக்க அமெரிக்காவில் 2014-இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' அட்டவணையைத்தான் நாம் பின்பற்றுகிறோம். ஒரு நாளில் 11-12 வயதுக்கு 85 பந்து, 13 முதல் 16 வரை 95, 17-18 வயதுக்கு 105. இதைவிட முக்கியம் ஓய்வு நாள். 14 வயது வரை, 21 முதல் 35 பந்து வீசினால் ஒரு நாள், 36 முதல் 50 என்றால் இரண்டு நாள், 51 முதல் 65 என்றால் மூன்று நாள், 66-உம் அதற்கு மேலும் என்றால் நான்கு நாள் பந்து வீசக் கூடாது. அட்டவணை போட்டிகளுக்கானது, நாம் பயிற்சியில் பிட்சர் நின்று வீசும் மேட்டிலிருந்து முழு வேகத்தில் வீசுவதையும் சேர்த்தே எண்ணுகிறோம், எண்ணவும் வேண்டும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். பதிமூன்று வயதுப் பையன் திங்களன்று இங்கே 45 பந்து வீசுகிறான். செவ்வாயும் புதனும் அவனுக்கு ஓய்வு இருக்க வேண்டும். ஆனால் செவ்வாயன்றே அங்கே போய் 40 வீசுகிறான். வியாழனும் அங்கே. வெள்ளியன்று நம் நோட்டைத் திறந்தால் திங்கள் கணக்கு மட்டும்தான் இருக்கிறது, அவனை மேட்டில் ஏற்றுகிறோம். அவர்கள் நோட்டிலும் பாதிக் கணக்குதான். இரண்டு பக்கமும் யாரும் தவறு செய்யவில்லை, முழங்கை மட்டும் தேய்கிறது.

இந்த வயதில் முழங்கையின் உட்புறத்தில் எலும்பு வளரும் பகுதி இன்னும் இளங்குருத்தாகவே இருக்கும். ஓய்வில்லாமல் வீசினால் தசைநார் இழுத்து அது விலகும். உட்பக்கம் தொட்டால் வலி, கையை முழுதாக நீட்ட முடியாமை, வீச்சில் வேகம் குறைவது ஆகியவை முதல் அறிகுறிகள். தைலம் தேய்த்து, வலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். வலி அடங்கும், விரிசல் அடங்காது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பள்ளி திறக்கும் நாள் முதல், வேறு இடத்தில் பந்து வீசும் மாணவர் தேதி, பந்து எண்ணிக்கை இரண்டையும் டைரியில் எழுதிப் பெற்றோர் கையெழுத்துடன் கொண்டுவர வேண்டும். மறைத்தது தெரிந்தால் இந்தப் பருவம் முழுக்க அவர் நமக்குப் பிட்சர் இல்லை. நன்றாக வீசுகிறவர், போட்டி நெருங்குகிறது என்ற காரணங்களை ஏற்க மாட்டேன்.

டி.சி. கேட்டவர்களுக்கு: எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், நூலகப் புத்தகமும் பள்ளிக் கிளவுஸும் திருப்பிக் கொடுங்கள், டி.சி. தடையில்லாமல் கிடைக்கும், கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் உள்ள மாணவர் பதிவையும் உடனே விடுவிப்போம். ஆனால் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர் அவசரப்பட வேண்டாம். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் வேலை நடக்கும் நேரத்தில் பள்ளி மாறினால் தேர்வு மையம், செய்முறை மதிப்பெண் என்று அலைச்சல் பிள்ளைக்குத்தான். இந்த ஆண்டே புதிய பள்ளிக்கு ஆடலாம் என்று யாராவது சொன்னால், வாய்வார்த்தையை நம்பாமல் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

புதிய பயிற்சியாளர் வரும்வரை உடற்கல்வி ஆசிரியரும், மாநில அணிக்குக் கேட்சராக ஆடிய நம் முன்னாள் மாணவர் ஒருவரும் அணியைப் பார்த்துக்கொள்வார்கள். பயிற்சி நேரம் மாறவில்லை: மாலை 4.15 முதல் 5.45 வரை. பிட்சர் நோட்டு மைதான அறையில் இருக்கும். எந்தப் பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

மழையில் கரைந்த பிட்சர் மேட்டுக்குக் களிமண் கொண்டுவந்து கொட்டி, பத்து அங்குல உயரத்துக்கு இறுக்கிக் கொடுத்த தந்தையருக்கும், பயிற்சி முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மோர் கொடுத்தனுப்பும் தாய்மாருக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. பயிற்சியாளரின் இத்தனை ஆண்டு உழைப்புக்கும் நன்றி சொல்லி அணியின் சார்பில் ஒரு கடிதம் அனுப்புகிறோம். பிள்ளைகள் கையெழுத்திடுகிறார்கள். நீங்களும் இட விரும்பினால் அலுவலகத்துக்கு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்