பாராளுமன்றத்தில் அம்மம்மாவுக்குத் துணை நின்ற தங்கச்சிக்கு நன்றி

திருகோணமலையிலிருந்து குடும்பமாகக் கொழும்புப் பக்கம் போனபோது, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் உள்ள பாராளுமன்றத்தையும் பார்த்தோம். தியவன்னா ஓயாவின் நடுவே செப்புக் கூரையோடு நிற்கும் அந்தக் கட்டடம் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது, 1982இல் திறக்கப்பட்டது. அம்மம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கூட்டத்தில் சொன்ன விளக்கம் ஒன்றும் பிடிபடவில்லை.

எங்களுக்கு முன்னால் நின்ற தங்கச்சி ஒருவர், யாரும் கேட்காமலே திரும்பி வந்து அம்மம்மாவின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார். பார்வையாளர் மாடத்தில் பக்கத்திலேயே இருந்து, சபாநாயகர் கதிரை எது, 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் நாடு முழுக்கக் கட்சிகள் எடுத்த வாக்குக்கு ஏற்பப் பகிரப்படும் தேசியப் பட்டியலிலிருந்தும் எப்படி வருகிறார்கள் என்றெல்லாம் காதருகே சொன்னார். "எங்கட ஆக்கள் எதில இருப்பினம், பிள்ளை?" என்று அம்மம்மா திரும்பத் திரும்பக் கேட்டபோதும் சலிக்காமல், ஆளும் கட்சி ஒரு பக்கம், எதிர்க்கட்சி மறுபக்கம் என்று கையைக் காட்டி விளக்கினார். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்க்காது.

பிறகு சனத்துக்குள் பிரிந்துவிட்டோம், பெயர் கேட்கவும் நேரமில்லை. தங்கச்சி, இதை வாசித்தால் ஒரு வரி எழுதுங்கள். கோணேசர் கோயிலுக்கு வரும்போது மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.