கழுத்துவலியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பல வருடங்களாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். குன்னூர் பஸ் நிலையத்துக் கடையில் பேப்பர் கட்டைப் பிரித்ததும் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துவிடுவார்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு ராணுவத்தினரின் டிசபிலிட்டி பென்ஷன் (சேவையால் உடம்பு ஊனமானவர்களுக்குத் தரும் ஓய்வூதியம்) பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பொய் சொல்லிப் பணம் வாங்குகிறவன் இருந்தால் பிடிக்கட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் நடுவில், கழுத்துவலி, முதுகுவலி என்று வயதானால் எல்லோருக்கும் வருகிற உபாதைக்குக்கூட வழக்குப் போடுகிறார்கள் என்று ஒரு வரி இருந்ததே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எழுதியவர் குன்னூரை ஒட்டிய ராணுவ ஊரான வெலிங்டன் பக்கம் வந்து நாலு பேரிடம் பேசியிருக்கலாம். எங்கள் மலையில் வீதிக்கு ஒரு முன்னாள் ராணுவத்தினர் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் இந்த ‘வயதானால்’ என்பது. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நான் வந்தபோது என் மூத்த மகள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் கழுத்தெலும்பு தேய்ந்து, இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போய், டீ டம்ளரைப் பிடித்தால் எப்போது நழுவும் என்றே தெரியாமல் இருந்தது. இன்றைக்கும் யாராவது பின்னால் இருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது, உடம்போடு திரும்ப வேண்டும். மழைக்கு ஓடு ஒழுகினால் அண்ணாந்து பார்க்க முடியாது, மகனைக் கூப்பிட்டு எங்கே ஒழுகுகிறது என்று கேட்டுக்கொள்கிறேன். தலை வழியாகப் போடும் பனியன், ஸ்வெட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் பட்டன் வைத்ததுதான். குன்னூர் குளிரில் அது எவ்வளவு சங்கடம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

நான் டிரைவர். முதலில் ராணுவத்தின் சக்திமான் லாரி, அப்புறம் ஸ்டாலியன் லாரி. சக்திமானுக்குப் பவர் ஸ்டீயரிங் எல்லாம் கிடையாது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பாதையில் சோஜிலா, திராஸ் வழியாகக் கான்வாயில் போகும்போது இரும்புத் தொப்பியோடு மணிக்கணக்கில் குலுங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். என் கூட்டாளி ஒருவர், கோத்தகிரிக்காரர், மோர்ட்டார் என்கிற குண்டு வீசும் சிறு பீரங்கிப் பிரிவில் இருந்தவர். மோர்ட்டாரின் அடித்தட்டை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி ஏறியே இடுப்பில் டிஸ்க் பிதுங்கியது. இன்று அவர் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிறார், அதற்கும் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள்.

வலி வந்த அன்றே சொல்லி எழுதி வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள். சொன்னால் லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல் தகுதி குறைந்தவர் பட்டியலில், போட்டுவிடுவார்கள். கேட்டகரி விழுந்தால் புரமோஷன் தடைப்படும், புரமோஷன் இல்லாவிட்டால் சர்வீஸ் நீளாது, சீக்கிரமே வீட்டுக்கு வரவேண்டியதுதான். அதனால் யூனிட் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் ஒரு மாத்திரையும் தைலமும் வாங்கிக்கொண்டு அவனவன் வண்டியை எடுத்துவிடுவான். பொறுக்க முடியாமல் போய், எல்லையை விட்டு பீஸ் ஸ்டேஷனுக்கு (அமைதியான ஊர் முகாமுக்கு) வந்த பிறகுதான் ஸ்கேன் எடுப்பார்கள். கடைசியில், ஓய்வு பெறும்போது உடம்பைப் பரிசோதிக்கும் டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு அதையே காரணமாக்குகிறது. நோய் பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது, ஆகவே சேவையால் வந்ததும் அல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல. என் போர்டு காகிதத்தில் காரணம் என்று இருந்தது இந்த ஒரு வரிதான். ஊனமும் 20 சதவீதத்துக்குக் கீழே. 20 தொடாவிட்டால் டிசபிலிட்டி எலிமென்ட், அதாவது ஊனத்துக்கான பென்ஷன் பங்கு, கிடையாது என்பது விதி. கழுத்து, முதுகு என்று போன எத்தனையோ பேருக்கு 15 முதல் 19 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

உச்ச நீதிமன்றம் 2013இலேயே தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது செய்த பரிசோதனையில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவன் நல்ல உடம்போடுதான் வந்தான் என்று கொள்ள வேண்டும், நோய்க்கும் சேவைக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அரசுடையது, போர்டு அப்படிச் சொன்னால் காரணம் எழுத வேண்டும். தரம்வீர் சிங்கும் ஒரு சிப்பாய்தான். இது வந்த பிறகும் அதே ஒற்றை வரியை எழுதி மனுவைத் தள்ளுகிறார்கள் என்றால் அதை அல்லவா உங்கள் கட்டுரை கேட்டிருக்க வேண்டும்? மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது வழக்குகளைக் குறைக்க 2015இல் ஒரு நிபுணர் குழு போட்டார். ஊனமுற்ற படைவீரர்களுக்குச் சாதகமாக வரும் தீர்ப்புகளை எதிர்த்து அரசே மேல்முறையீடு போவதை அந்தக் குழு கண்டித்தது. அது பற்றி ஒரு வார்த்தை இல்லையே ஐயா.

ஏதோ லட்சக்கணக்கில் அள்ளுகிறோம் என்பது போல எழுதியிருப்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீத ஊனம் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் இருந்தவனுக்கு மாதம் 2,400. 20 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அது 6,000 ஆகிறது. இதற்காகத்தான் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு பர்லியார் வளைவுகளில் இறங்கி, மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்கு, ராணுவத்தினரின் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய் வருகிறோம். மேல் பெர்த் கிடைத்தால் ஏற முடியாது, கீழே இருப்பவரிடம் கெஞ்ச வேண்டும், பார்க்கத் திடமாக இருக்கிறாயே என்பார்கள். வாய்தா தள்ளிப்போனால் மறுபடியும் அதே பயணம்.

இதெல்லாம் போதாதென்று 2019 ஜூனில், முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களின் டிசபிலிட்டி பென்ஷனுக்கு வரிவிலக்கு இல்லை என்று வருமான வரித் துறை சுற்றறிக்கை விட்டது. அப்போது உங்கள் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன், போடவில்லை. 2023 செப்டம்பரில் இந்தப் பென்ஷனுக்குப் புதிய தகுதி விதிகள் வந்து, அதற்குப் பிறகு ஓய்வு பெறும் பையன்களுக்கு நிலைமை இன்னும் சிக்கலானது. அதுவும் உங்கள் நீலகிரிப் பக்கத்தில் வந்ததாக எனக்கு நினைவில்லை. டிசம்பர் 7 கொடிநாள் வந்தால் கலெக்டர் நிதி அளிக்கும் படம் மட்டும் தவறாமல் வருகிறது. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்தபோது உங்கள் நிருபர்கள் ராத்திரி பகலாக எங்கள் மலையில் இருந்தார்கள். எங்கள் ஜனங்கள் வீட்டில் இருந்த கம்பளியை எல்லாம் தூக்கிக்கொண்டு ஓடியதை எவ்வளவு அக்கறையாக எழுதினீர்கள். அந்த அக்கறையில் கொஞ்சம், உயிரோடு ஊர் திரும்பி வந்து படுக்கையில் புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிறவன்மீதும் இருக்கக் கூடாதா?

மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை. நீலகிரிப் பக்கத்தில் ஒரு ஓரமாகச் சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள், போதும். மனு தள்ளப்பட்டால் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதுவும் தள்ளப்பட்டால் இரண்டாவது மேல்முறையீடு உண்டு, பிறகு தீர்ப்பாயம். ரிலீஸ் போர்டு காகிதமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 கையில் இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். தாமதமாக வழக்குப் போட்ட பலருக்கு, போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவை மட்டுமே கிடைத்திருக்கிறது. இது தெரியாமல் கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்திருப்பவர்கள் ஜெகதளாவிலும் அருவங்காட்டிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் நல்லது, அன்றுதான் எல்லோரும் பேப்பர் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார்,
குன்னூர் வட்டம், நீலகிரி.